ஒரே லாட்டுப் பிள்ளைகள்

எங்கள் வீட்டில் என்னை முதன்முதலில் சோம்பேறி என்று சொன்னவர் அப்பா. அம்மா அதை ஆமோதித்தாள், தங்கை பரப்பினாள். ஒரே மாதத்தில் குடியிருப்பு முழுக்க அதுவே என் அடையாளமாகிவிட்டது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆவடியில், ராணுவத் தளவாடங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே யார் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது தனிப்பட்ட விஷயமே அல்ல. காலை சைரன் ஊதியதும் எல்லா வீட்டு ஆண்களும் சாப்பாட்டுப் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஒரே திசையில் மிதிப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டில் படுத்திருக்கும் ஆண்பிள்ளை ஒன்று நைட் ஷிஃப்ட் முடித்தவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நானாக இருக்க வேண்டும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. காலையில் கண் விழிக்கும்போது இடுப்பும் முதுகும் சிமெண்ட் பூசியது போல இறுகியிருக்கும். எழுந்திருப்பது எனக்கு ஒரு வேலை அல்ல, பல கட்டத் திட்டம். முதலில் ஒருபக்கமாகப் புரள வேண்டும். அப்புறம் முழங்கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்து, அங்கிருந்து சுவரைப் பிடித்து, சுவர் முடிகிற இடத்தில் கதவைப் பிடித்து, பின்பக்கக் குழாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பா தொழிற்சாலை கேட்டைத் தாண்டியிருப்பார். முதுகில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு, கூடத்தில் இருபது நடை நடந்தால் மெல்ல இளகும். பத்து மணிக்கு நான் மறுபடி மனிதனாகிவிடுவேன்.

அதோடு நின்றிருந்தால் யாராவது இரக்கப்பட்டிருப்பார்கள். நான் மாலையில் வாலிபால் ஆடினேன். சுமாராக அல்ல, நன்றாகவே ஆடினேன். ஆட ஆட முதுகு இளகும், இளக இளக இன்னும் எகிறி அடிப்பேன். வேலை முடிந்து மைதானத்து ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் அப்பா, வலைக்கு மேலே என் கை எழும்புவதை ஒரு கணம் நின்று பார்ப்பார். அன்றிரவு சாப்பாட்டில் எனக்குக் குழம்போடு சேர்த்து அதுவும் பரிமாறப்படும்.

"பந்து அடிக்கறதுக்கு முதுகு வளையுது, படுக்கையச் சுருட்டறதுக்கு வளையாது. அதெப்படிடா?"

எனக்கே தெரியாத பதிலை நான் எப்படிச் சொல்வேன். ஓய்வெடுத்தால் மோசமாகி, உழைத்தால் குறைகிற வலி என்று உலகத்தில் ஒன்று இருக்கும் என எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை நான் நிஜமாகவே சோம்பேறிதானோ என்று சில நாட்கள் நானே நம்பியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் மெஷின் வேலை கிடைத்தபோது, கெஞ்சிக் கூத்தாடி இரண்டாம் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டேன். அதுவும் என் சோம்பேறித்தனக் கணக்கில்தான் சேர்ந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சுளுக்கு வழிப்பவர் ஒருவரிடம் மூன்று முறை போனோம். அவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து மாவு பிசைவதுபோல் பிசைந்தார். ஒவ்வொரு முறையும் அவரிடம் எழுந்து நடந்து போனதைவிட மோசமாகத் திரும்பி வந்தேன். குடியிருப்பு டிஸ்பென்சரியில் ஒரு மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் ஓய்வெடுத்தேன். எட்டாம் நாள் என்னை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அப்பாவுக்கு அது போதும். "ரெஸ்ட் குடுத்தா இன்னும் பழகிப்போகுது பாத்தியா" என்றார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. வெளியே கடைசல் பட்டறைகளில் செய்து அனுப்பும் உதிரி பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். ஒரே தடவையில் வந்த சரக்குக்கு லாட் என்று பெயர். நூறு உருப்படி வந்தால் அதில் ஏழெட்டை எடுத்துக் கேஜ் என்கிற அளவுகோலில் வைத்துப் பார்ப்பார். அதில் ஒன்று பிசகினாலும் லாட் முழுக்க நிறுத்தப்படும். பெட்டிமேல் சிவப்பு அட்டை தொங்கும். மீதி தொண்ணூற்றொன்பதும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று யாராவது வாதாடினால், "இருக்கலாம். அளந்தப்புறம் சொல்லு" என்பார். முப்பது வருடம் அந்த வேலை பார்த்தவர். சமையலறையில் முறுக்கு சுற்றும்போதுகூட ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அம்மா அதற்காக அவரிடம் ஒரு முறுக்கைத் தனியாகக் கொடுத்து, "இது சாம்பிள்" என்பாள்.

ஆறு வருடம் இப்படியே ஓடியது. தொண்ணூறுகள் தொடங்கியபோது தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கரையான்சாவடி. எங்கள் ஆட்கள்தான், ஆனால் நாலைந்து தலைமுறையாக அந்தப் பக்கமே இருந்தவர்கள். ஒரு காலத்தில் மற்றவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். இப்போது மாப்பிள்ளை திருமழிசையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், அவர் அப்பா அங்கேயே பக்கத்துக் கம்பெனியில் வாட்ச்மேன். பெண் பார்க்க வந்த அன்று என் தங்கை காபித் தட்டை நீட்டிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். அவரும் பார்த்தார். தட்டில் இருந்த காபி ஆறிப்போனது. அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் என்னைக் கிண்டல் செய்ய மறந்துபோனாள். விஷயம் எவ்வளவு தீவிரம் என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

நிச்சயம் முடிந்து பத்து நாளில் என் வலது கண் சிவந்தது. சாதாரண கண்வலி என்று நினைத்தோம். வெளிச்சத்தைப் பார்த்தால் ஊசி குத்தியது. பார்வை மங்கியதும் பயந்துபோய் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் டாக்டர் ஓர் இளம் பெண். கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காததைக் கேட்டார்.

"காலையில எழுந்திருக்கும்போது இடுப்பு பிடிச்சுக்குமா?"

கண்ணைக் காட்டப் போன இடத்தில் முதுகைக் கேட்கிறார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

"நடந்தா சரியாயிடுமா? உக்காந்தா, படுத்தா அதிகமாகுமா?"

ஆறு வருடமாக யாருமே கேட்காத கேள்விகளை ஒரே மூச்சில் கேட்ட அந்தப் பெண்ணை அங்கேயே கும்பிட்டிருப்பேன், கண்ணில் மருந்து ஊற்றியிருந்ததால் அவர் எங்கே நிற்கிறார் என்று சரியாகத் தெரியவில்லை.

இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்து வேறெங்கோ அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து மூட்டு வைத்தியப் பிரிவில், நரைத்த மீசை வைத்த ஒரு டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். நோயின் பெயர் இரண்டு வார்த்தை, இரண்டும் வாயில் நுழையவில்லை. முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி ஏற்பட்டு இறுகிக்கொண்டே போகும், கண்ணையும் தாக்கும், வேளை தவறாமல் மாத்திரையும் தினமும் உடற்பயிற்சியும் வேண்டும், சும்மா மட்டும் படுக்கக் கூடாது என்றார். ரத்தத்தில் ஹெச்.எல்.ஏ. பி-இருபத்தேழு என்ற மரபணு வகை இருப்பதாக ரிசல்ட் வந்திருந்தது.

"அப்படின்னா என்னங்க?" என்றார் அப்பா. அவர் டியூட்டி உடையிலேயே வந்திருந்தார். டாக்டர் அந்தக் காக்கியைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரி சொன்னார்.

"உங்க ஃபாக்டரி கேட்ல பாஸ் காட்டிட்டுத்தானே உள்ள போறீங்க? உடம்புல ஒவ்வொரு செல்லும் அப்படி ஒரு பாஸ் மாட்டியிருக்கு. நான் இந்த உடம்போட ஆளுன்னு காவல் அணுக்களுக்குக் காட்ட. அந்த பாஸ் எந்த மாதிரி இருக்கணும்னு சில ஜீன்கள் முடிவு பண்ணுது. ஆளுக்கு ஆள் அது மாறும். உங்க பையனுக்கு வந்திருக்கறது இந்த வகை. இந்த வகை இருக்கறவங்கள்ல சிலருக்கு, காவலாளி குழம்பிப்போய் சொந்த ஆளையே அடிக்க ஆரம்பிச்சிடறான். ஏன் குழம்பறான்னு முழுசா யாருக்கும் தெரியாது."

"எங்க கேட்லயும் அப்படித்தான். முப்பது வருஷமா போறேன். போன வாரம் சேர்ந்த செக்யூரிட்டி என்னை நிறுத்தி டிபன் பாக்ஸைத் திறன்னு சொல்றான்" என்றார் அப்பா.

டாக்டர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே அதைக் குறையாகத்தான் சொன்னார்.

"அப்போ, இந்த ஜீன் இருந்தா நோய்னு அர்த்தம்."

"இல்லைங்க. இது இருக்கற பெரும்பாலானவங்களுக்கு ஆயுசு முழுக்க ஒண்ணும் வராது. இது கூட வேற என்னென்னவோ சேரணும்."

"இருந்தா ஃபெயிலு, இல்லாட்டி பாஸுன்னு கிடையாதா?"

"கிடையாது."

அப்பா இப்படி ஓர் அளவுகோலை வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. பிறகு கேட்டார், "இவனுக்குக் கூடப் பிறந்த பொண்ணு ஒண்ணு இருக்கு. அதுக்கும் இருக்குமா?"

"இது அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேருந்து வந்திருக்கும். அந்தப் பொண்ணுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். பாதிக்குப் பாதி. வந்திருந்தாலும் நோய் வர்ற வாய்ப்பு குறைவுதான்."

"வராதுன்னு எழுதித் தருவீங்களா?"

"எழுதித் தர மாட்டேன்."

அந்தக் கடைசி பதில் மட்டும்தான் அப்பாவுக்கு முழுதாகப் புரிந்தது.

அன்று முதல் வீட்டில் இரண்டு போர்கள் தொடங்கின. முதலாவது, இது யார் பக்கத்திலிருந்து வந்தது என்பது. அம்மா தன் பக்கத்து உறவினரை ஒவ்வொருவராக நிமிர்த்தி நிறுத்தினாள். அவள் அண்ணன்மார் மூன்று பேரும் தென்னை மரம். அப்பாவின் சித்தப்பா ஒருவர் நாற்பது வயதிலிருந்தே தரையைப் பார்த்து நடந்தவர். அவர் அவ்வளவு பணிவானவர் என்றுதான் எங்கள் குடும்பத்தில் சொல்வது வழக்கம். கலெக்டர் முன்னாலும் அப்படித்தான் நிற்பார், கறிகாய்க்காரர் முன்னாலும் அப்படித்தான் நிற்பார்.

"அது பணிவா? இப்பத் தெரியுதா எதுன்னு?" என்றாள் அம்மா.

"அளக்காம சொல்லாத" என்றார் அப்பா.

இரண்டாவது போர் சிரிக்கக் கூடியதாக இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டிய நாளில் அப்பா, அதற்காக எழுதி வைத்திருந்த நகலை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். தங்கைக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் எதுவும் நகரக் கூடாது என்றார்.

"நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்றாள் தங்கை.

"இருக்கலாம். ஒரே லாட்ல வந்ததும்மா. ஒண்ணு பிசகி இருக்கும்போது மிச்சத்தை அளக்காம அனுப்ப முடியாது. அவங்க நம்பி எடுத்துக்கறாங்க."

அம்மா தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். "நான் பெத்ததை லாட்டுன்னு சொல்றீங்களா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். பிசகிய உருப்படி என்று அவர் குறிப்பிட்டது என்னை. அதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். என் முதுகுக்காக என் தங்கையின் கல்யாணம் நிற்கிறது என்ற நினைப்பு அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. அவள் டெஸ்ட்டுக்கு வர மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, தையல் மெஷினில் உட்கார்ந்து கிழியாத துணிகளையெல்லாம் தைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரமாகியும் அவள் மசியவில்லை என்றதும் அப்பா வேறு முடிவு எடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. தொழிற்சாலை வழக்கப்படி, குறையைச் சொல்லும்போது குறையுள்ள உருப்படியையும் கூடவே எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். உருப்படி நான்தான். அதையும் அதன் குறை நன்றாகத் தெரிகிற நேரத்தில் காட்டுவதுதான் நேர்மை. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, வெந்நீர்கூட ஊற்றிக்கொள்ள விடாமல், கட்டிலிலிருந்து எழுந்தவனை அப்படியே பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப் போனார். "நடந்து நடந்து இளக்கிடாத" என்று வழியெல்லாம் எச்சரிக்கை வேறு.

பூந்தமல்லி பஸ் நிரம்பி வழிந்தது. அன்று முகூர்த்த நாள். உட்கார இடம் கிடைத்தால் நான் இறுகியே இருப்பேன் என்பது அப்பாவின் திட்டம். இடம் கிடைக்கவில்லை. பருத்திப்பட்டு தாண்டியும் கிடைக்கவில்லை. முக்கால் மணி நேரம் கம்பியைப் பிடித்துத் தொங்கி, நெரிசலில் முன்னுக்கும் பின்னுக்கும் அலைக்கழிந்து, கரையான்சாவடியில் குதித்து இறங்கியபோது என் முதுகு ஆறு வருடத்தில் இல்லாத அளவுக்கு நன்றாக இருந்தது. அப்பாவின் முகம் தொங்கிப்போனது. பிள்ளை நன்றாக நடப்பதைப் பார்த்துக் கவலைப்பட்ட தகப்பனை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

மாப்பிள்ளை வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். "நைனா, சம்மந்தி வந்துகீறாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் அப்பா துண்டை உதறிக்கொண்டு வந்தார், அம்மா ஈரக் கையோடு வந்தார். சேரில் உட்கார்ந்ததுமே அப்பா ஆரம்பித்துவிட்டார். நோய், ரத்தம், ஜீன், பாஸ், காவலாளி, பாதிக்குப் பாதி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எழுந்து நடந்து காட்டு" என்றார்.

நடந்தேன். வீரர்கள் நடக்கிற மாதிரி இருந்தது.

"குனி."

குனிந்தேன். தரையைத் தொடவில்லை. ஆனால் அந்த வீட்டில் யாருமே தரையைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

"புள்ள சோக்காத்தானே கீறான்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை. என் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, வேற நல்ல எடம் எதுனா வந்துகீதா? வந்திருந்தா நேரா சொல்லிடுங்க. புள்ளையாண்டான இட்டாந்து நடக்கவுட்டு, குனியவுட்டு, இன்னாத்துக்கு இதெல்லாம்?"

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. உண்மையைச் சொல்ல வந்த மனிதர் பொய்யன் ஆகிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சைக்கிள் துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். கல்யாணம் என் நோயால் அல்ல, என் ஆரோக்கியத்தால் அறுந்துபோகப் பார்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"ஒரு மணி நேரம் உக்காரலாமா?" என்றார் அப்பா.

அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர்கள். இட்லி வந்தது, காபி வந்தது. அந்த ஒரு மணி நேரம் மாப்பிள்ளையின் அப்பா, திருமழிசையில் இப்போது தான் காவல் காக்கும் காம்பவுண்டுக்குள்தான் முன்னால் தான் நாற்று நட்டதாகவும், அதனால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று முதலாளிக்கே தெரியாதது தனக்குத் தெரியும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அசையக் கூடாது என்று அப்பா கண்ணால் சொன்னார். அசையவில்லை. உள்ளுக்குள் ஒவ்வொரு மூட்டாகப் பூட்டிக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது.

"இப்ப எழுந்திரு" என்றார்.

எழுந்திருக்க முடியவில்லை. சேரின் கைகளை அழுத்தினேன், பாதி தூரம் வந்து நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் உட்கார முடியவில்லை. நெற்றியில் வியர்வை. எதிரே தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நிமிடத்தில் நான் என் அப்பாவை வெறுத்தேன், இதை மறைக்க விரும்பவில்லை. மாப்பிள்ளை துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்கு முன்னால் அப்பா வந்து என் அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"அய்ய, பாவமே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா மறு கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தார். அதே ஆஸ்பத்திரி, அதே மாதிரி தாள்.

"எங்கிட்டயும் இருக்கு. யாருக்கும் சொல்லாம நானும் ரத்தம் குடுத்துப் பாத்தேன். இவன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நான் குடுத்ததுதாங்க இவனுக்குப் போயிருக்கு. அதைத் தெரியாம, ஆறு வருஷமா இவனைச் சோம்பேறின்னு சொல்லிட்டிருந்தேன்."

என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் சொன்னார். என்னிடம் நேராக அவர் கடைசிவரை சொன்னதில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அந்தத் தாளை வாங்கி, எழுத்து தெரியாததால் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதே சீட்டு உங்களுக்கும் கீது. நீங்க இந்த வயசுல நட்டுக்குனு நிக்கிறீங்க. புள்ளைக்கி எந்திரிக்க முடியல. அப்ப இந்த சீட்டப் பாத்துக்கினு இன்னாத்தங்க தெரிஞ்சிக்கிறது?"

"தெரியலம்மா" என்றார் அப்பா.

என் அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. அளந்தால் தெரிந்துவிடும் என்பதுதான் அவர் மதம். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரே ஜீன் வந்து, ஒருவரை நிமிர்ந்து நிற்கவிட்டு, இன்னொருவரைப் பாதியில் நிறுத்தும் என்றால், எந்தக் கேஜைக் கொண்டு எதை அளப்பது? இன்றைக்கும் பெரிய பெரிய டாக்டர்கள் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கரையான்சாவடியில் ஓர் அம்மா இட்லிக் கையோடு கேட்டு முடித்துவிட்டார்.

மாப்பிள்ளை அப்பாவிடம் கேட்டார். "பொண்ணு இன்னா சொல்லுது?"

அப்பா அவளிடம் டெஸ்ட்டுக்கு வா என்று சொன்னார், வர மாட்டேன் என்றாள். மற்றபடி அவளை எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

"அதக் கேட்டுக்கினு வாங்க மாமா. அதுக்கு ஓகேன்னா எனக்கு ஓகே" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் காலியாக இருந்தது. அப்பா உட்காரவில்லை. நானும் நின்றால்தான் நல்லது என்பதால், நிறைய சீட்டுகள் காலியாக இருந்த பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஆவடி வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். கண்டக்டர் இரண்டு முறை எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் தங்கை தையல் மெஷினில்தான் இருந்தாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரே போய் நின்றார். அங்கே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தன் ரத்தத்தில் இருப்பதையும் சொன்னார். அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டாள். ஜெயித்த களை அவள் முகத்தில் கொஞ்சமும் இல்லை.

"நீ என்னம்மா சொல்ற?" என்றார் அப்பா.

"இத்தனை நாள் கழிச்சுக் கேக்கறீங்களே." அவள் ஊசியிலிருந்து நூலை உருவினாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கறேன். டெஸ்ட் எடுக்க மாட்டேன்."

"எடுத்தா ஒருவேளை இல்லைன்னு வரலாம் இல்லையா? நிம்மதிதானே?"

"இருக்குன்னு வந்தா, ஒவ்வொரு நாளும் காலையில முதுகைத் தடவிப் பாத்துட்டு எழுந்திருக்கணும். வேணாம்பா."

"சரி, எடுக்க வேணாம். நாளைக்கு உனக்கும் வந்துடுச்சுன்னா என்ன பண்ணுவே?" இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை, பயந்துபோன ஒரு மனிதர் கேட்டார்.

தங்கை என்னைப் பார்த்தாள். எப்போதும் என்னைப் பார்க்கும் அந்தக் கிண்டல் பார்வைதான். பேச ஆரம்பித்தபோதும் கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள்.

"நம்ம வீட்டுச் சோம்பேறி எழுந்திருக்கறதை நீங்க ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா? உங்களுக்கு டியூட்டி, போயிடுவீங்க. அம்மா அடுப்படியில இருக்கும். நான் பாத்திருக்கேன். ஆறு வருஷமா, தினமும், பக்கத்து ரூம்லேருந்து. சில நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு அழும். நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவேன். ஒரு நாள்கூட எழுந்திருக்காம இருந்ததில்லப்பா. எனக்கு வந்தா நானும் எழுந்துக்குவேன்."

நான் முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அழுதேன் என்று இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, அலமாரிச் சாவி எங்கே என்று அப்பா அம்மாவிடம் கேட்பது காதில் விழுந்தது. பத்திரிகை அடிக்கிற கடையை மதியத்துக்குள் மூடிவிடுவார்களாம், சீக்கிரம் தேடு என்றார்.